மலைப்பாதை அல்ட்ரா ஓட்டங்களை நடத்துவோருக்கு: எழுதிய விதியை நடத்துங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் மலைப்பாதை அல்ட்ரா ஓட்டங்களை நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடலை எழுதுபவன் பரிசுக்காக ஓடுகிறவன் அல்லன். மாரத்தானைவிட நீளமான இந்த அல்ட்ரா ஓட்டங்களில், ஐம்பது கிலோமீட்டரைக் கட்-ஆஃப் நேரத்துக்கு, அதாவது அதற்குள் வந்து சேராதவரை நிறுத்திவிடும் நேர எல்லைக்கு, அரை மணி முன்னதாக முடித்துவிட்டாலே அந்த ஆண்டு நல்ல ஆண்டு என்று நினைக்கும் நடுவயதுக்காரன். முழங்கால் ஒத்துழைக்காத கடந்த இரண்டு பருவங்களில் ஓடுவதை விட்டுவிட்டு, மூன்று ஓட்டங்களில் ஸ்வீப்பராகப் பணியாற்றினேன். கடைசி ஓட்டக்காரருக்கும் பின்னால் நடந்து, வழிக்குறி ரிப்பன்களை அவிழ்த்து, கிடக்கும் குப்பையைப் பொறுக்கி, காட்டுக்குள் யாரும் தங்கிவிடவில்லை என்று உறுதி செய்கிற வேலை அது. முன்னால் ஓடுகிறவர்கள் கண்ணில் படாத பலவும் கடைசியில் வருகிறவன் கண்ணில் படும். அப்படிப் பட்டவற்றையே இங்கே எழுதுகிறேன். எந்த ஓட்டத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. படிக்கும்போது ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்பாளர்களுக்கு இது தங்களைப் பற்றியது என்று தோன்றக்கூடும், தோன்றினால் தவறில்லை.

ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு நீங்கள் அனுப்பும் விதிக்கையேட்டைப் பற்றித்தான் பேச வந்தேன். அதில் எல்லாம் இருக்கிறது. கட்டாயப் பொருள்கள், கட்-ஆஃப் நேரங்கள், குப்பை போட்டால் தகுதிநீக்கம், காட்டுவிலங்கைக் கண்டால் செய்ய வேண்டியவை என்று எதையும் விடவில்லை. ஆனால் பாதையில் அவற்றில் பாதிகூட நடப்பதில்லை என்பதும், அது நடக்காது என்பதை ஓட்டக்காரர்கள் அனைவரும் முன்கூட்டியே அறிந்திருக்கிறார்கள் என்பதும்தான் என் முறையீடு. நடத்த முடியாத விதியை எழுதாமலே விட்டுவிடலாம். எழுதிவிட்டு நடத்தாமல் இருப்பது அதைவிடக் கேடு, ஏனென்றால் எந்த விதி விளையாட்டுக்கு, எந்த விதி உயிருக்கு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமே அதனால் போய்விடுகிறது.

முதலில் என் குற்றத்தையே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓட்டத்தில், சட்டையில் குத்திக்கொள்ளும் பிப் எண் வாங்கும் மண்டபத்தில் கட்டாயப் பொருள் சோதனை நடந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த தம்பி, பட்டியலைப் பார்த்து விசில், நெற்றியில் கட்டும் ஹெட்லேம்ப் விளக்கு, முதலுதவிப் பொட்டலம், மழைக்கோட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்றவரின் சிவப்பு மழைக்கோட்டு ஏற்கெனவே இரண்டு பேருக்குக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. மூன்றாவதாக அது என் பைக்குள் வந்தது. தம்பிக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதன் கைப்பகுதியில் ஒரே இடத்தில் ஒரே கிழிசல் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே டிக் அடித்தார். மறுநாள் மழை இல்லை, நான் பிழைத்துக்கொண்டேன். அதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை.

மழை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை என்றாலும், சீனாவின் கான்சு மாகாணத்தில் பையின் என்ற நகருக்கு அருகே 2021 மே 22 அன்று நடந்த நூறு கிலோமீட்டர் ஓட்டத்தை அமைப்பாளர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். 172 பேர் கிளம்பினார்கள். ஏறுமுகமான ஒரு பகுதியில் ஆலங்கட்டியும் உறைய வைக்கும் மழையும் பெருங்காற்றும் ஒன்றாக அடித்தன. காற்றுத்தடுப்புச் சட்டை அந்த ஓட்டத்தில் கட்டாயமாக இருக்கவில்லை. பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேல்சட்டையுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். 21 பேர் இறந்தார்கள், அவர்களில் சீனாவின் தலைசிறந்த அல்ட்ரா ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். உயிர் தப்பியவர்களில் ஆறு பேரைக் காப்பாற்றியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர். தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் அவர்களைக் கொண்டுவந்து நெருப்பு மூட்டிக் காய வைத்தார். அந்தப் பாதையில் மருத்துவக் குழுவைவிட மேய்ப்பர்தான் அருகில் இருந்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இது பனிமலை நாட்டுக் கதை, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நீலகிரியில் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2009 நவம்பரில் அதே மாவட்டத்தில் நிலச்சரிவில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உடல் சூடு இழந்து விறைத்துப்போவதற்குப் பனி விழ வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் ஓடிக் களைத்த உடம்பு, நனைந்த சட்டை, முகட்டில் வீசும் காற்று, இவை மூன்றும் சேர்ந்தால் பத்து டிகிரி வெப்பநிலையே போதும். ஓடும்போது சூடாக இருப்பவன் கால் பிசகி நின்றுவிட்ட பத்தாவது நிமிடத்தில் நடுங்கத் தொடங்குகிறான். ஆகவே மழைக்கோட்டு என்பது ஓடுகிறவனுக்காக எழுதப்பட்ட விதி அன்று, ஓட முடியாமல் உட்கார்ந்துவிட்டவனுக்காக எழுதப்பட்ட விதி. பிரான்சின் ஷாமொனியில் 2003 முதல் மோன் பிளாங் மலையைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற ஓட்டத்தில் கட்டாயப் பொருள்களை வழியில் எந்த இடத்திலும் எடுத்துக்காட்டச் சொல்வார்கள். நீங்களும் மண்டபத்துச் சோதனையை நிறுத்திவிட்டு, பாதி வழியில், தண்ணீரும் உணவும் தரும் ஏதோ ஓர் எய்ட் ஸ்டேஷனில், எது என்று முன்கூட்டிச் சொல்லாமல், சோதியுங்கள். ஒரு சிவப்புச் சட்டை மூன்று பேருக்குப் பயன்படுவது அன்றோடு நின்றுவிடும்.

அடுத்தது கட்-ஆஃப். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

போன பருவத்தில் நான் ஸ்வீப்பராக இருந்த ஓர் ஓட்டத்தில், முப்பத்து நான்காவது கிலோமீட்டரில் கட்-ஆஃப் பிற்பகல் ஒன்றரை மணி. ஒன்று முப்பத்தாறுக்கு இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்த கல்லூரி மாணவர்கள் நேரத்தைச் சொன்னதும், மறுபேச்சில்லாமல் பிப் எண்ணைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஒன்று நாற்பத்தொன்றுக்கு ஒருவர் வந்தார். மாணவர்கள் தடுத்தார்கள். அவர் கைபேசியில் யாரையோ அழைத்துப் பேசிவிட்டு அதை மாணவனிடம் கொடுத்தார். மாணவன் இரண்டு முறை "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வழியை விட்டான். ஜீப்பில் இருந்த பெண்களில் ஒருவர் எதுவும் கேட்கவில்லை. பிப் குத்தியிருந்த ஊசிகள் சட்டையில் விட்ட நான்கு ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

நான் அந்த மனிதருக்குப் பின்னால் பதினைந்து நிமிட இடைவெளியில் ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே நடந்தேன். மூன்றரை மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. ஸ்வீப்பர் வேலையில் ஓர் அபாயம் உண்டு. அதை நீங்கள் அறிவீர்கள், ஓட்டக்காரர்கள் பலர் அறியமாட்டார்கள். கடைசி ஆள் எங்கேயாவது பாதை மாறிப் போய்விட்டால், அது தெரியாமல் ஸ்வீப்பர் அவனைத் தாண்டிச் சென்றுவிடுவான். வழி தவறியவன் தவறை உணர்ந்து திரும்பி வரும்போது, அங்கே ஒரு ரிப்பன்கூட இருக்காது. அன்று அப்படியே நடந்தது. அடுத்த எய்ட் ஸ்டேஷனை நான் அடைந்தபோது, அவர் அங்கே வரவே இல்லை என்றார்கள். அதன் பிறகு மூன்று மணி நேரம் இரண்டு வனக்காவலர்களும் ஜீப் ஓட்டுநரும் நானும் கூவிக்கொண்டே தேடினோம். ஏழு மணி சுமாருக்கு, தேயிலைத் தோட்டத்து லயன் வீடு ஒன்றின் திண்ணையில், அந்த வீட்டு அம்மா போர்த்திவிட்ட கம்பளிக்குள் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஹெட்லேம்ப் கொண்டுவரவில்லையாம், இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தாராம்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. களைத்துப்போன ஓட்டக்காரனின் தலை சரியாக வேலை செய்யாது. அந்த நேரத்தில் அவனுக்குப் பதிலாக முடிவெடுப்பதற்குத்தான் கட்-ஆஃப் என்ற ஒன்றை முன்னாலேயே எழுதி வைக்கிறோம். அந்த ஒன்றரை மணிக் கணக்கு யாரையும் அவமானப்படுத்தப் போட்டதன்று. மீதி தூரம், ஏற்றம், சூரியன் மறையும் நேரம், வனத்துறை அனுமதி முடியும் நேரம், ஜீப் போகக்கூடிய கடைசிச் சாலை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நீங்களே போட்டது. அதை ஒரு தொலைபேசி அழைப்பில் நீங்களே அழித்தால், தடுத்து நிறுத்திய அந்த மாணவன் அடுத்த ஆண்டு யாரை நிறுத்துவான்?

கறாராக இருந்தால் ஓட்டக்காரர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருந்தால், கலிபோர்னியாவில் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் ஓட்டத்தைப் பாருங்கள். அங்கே நேர எல்லை 30 மணி. அதைத் தாண்டி ஒரு வினாடி ஆனாலும் முடித்தவர் பட்டியலில் பெயர் இல்லை. 2015இல் கன்ஹில்ட் ஸ்வான்சன் என்ற 70 வயதுப் பெண்மணி, எல்லைக்கு ஆறே வினாடி இருக்கும்போது முடிவுக்கோட்டைத் தாண்டினார். அந்த ஆண்டு வென்றவரின் பெயரை மறந்தவர்கள்கூட அவர் பெயரை மறக்கவில்லை. "ஐந்து பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிற ஓட்டமாக அது இருந்திருந்தால், அந்த ஆறு வினாடியை யார் பேசப்போகிறார்கள்?

அதே ஓட்டத்தில் 2006இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரையன் மாரிசன் என்ற இளைஞர் ஓட்டம் முடியும் ஆபர்ன் பள்ளி மைதானத்துக்குள் முதல் ஆளாக நுழைந்து, கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கையில் நிலைகுலைந்து விழுந்தார். உடன் இருந்தவர்கள் தாங்கி எழுப்பிக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். தன் காலால் முடிக்கவில்லை என்பதால் அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 2016இல், திரும்பி வந்து முடித்தார். அவரைத் தாங்கியவர்கள் செய்தது மனிதர் செய்ய வேண்டியதுதான். விதி சொன்னதும் சரிதான். இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, உங்கள் கையேட்டில் ஒரு வரி தெளிவாக இருக்க வேண்டும்: அடிபட்டவரைக் கண்டால் நின்று உதவுவது கட்டாயம், நின்ற நேரம் நின்றவருக்குத் திருப்பித் தரப்படும், ஆனால் யாரும் யாரையும் தூக்கி ஓட வைக்கக் கூடாது. இப்போதுள்ள கையேடுகளில் "சக ஓட்டக்காரருக்கு உதவுங்கள்" என்று மட்டும் போட்டிருக்கிறது. அதைப் படிக்கும் ஒருவர், விழுந்து கிடப்பவரைத் தாண்டிப் போனாலும் கேள்வி இல்லை, கைத்தாங்கலாக இழுத்துப் போனாலும் கேள்வி இல்லை.

குப்பையைப் பற்றிப் பொதுவாக எல்லோரும் பேசுகிறார்கள், ஆகவே நான் என் பையில் இருந்ததை மட்டும் சொல்கிறேன். ஓடிக்கொண்டே உறிஞ்சும் சத்துக்கூழான ஜெல்லின் முழு உறைகள் குறைவு. அவற்றைப் பெரும்பாலோர் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். கிடப்பதெல்லாம் உறையின் வாயைக் கடித்துத் துப்பிய சுண்டுவிரல் நக அளவுத் துணுக்குகள். பளபளப்பாக இருப்பதால் அவற்றைக் குரங்குகள் எடுத்துப் பார்க்கின்றன, மாடுகள் புல்லோடு சேர்த்து மேய்கின்றன. ஒரே ஓட்டத்தில் எண்பத்து மூன்று துணுக்குகளைப் பொறுக்கினேன். எண்ணியது வேலை இல்லாமல் அல்ல, கோபத்தால். மொராக்கோ பாலைவனத்தில் நடக்கும் மாரத்தான் தே சாப்ல ஓட்டத்தில், கொடுத்த தண்ணீர்ப் பாட்டிலில் ஓட்டக்காரரின் எண்ணைக் குறித்துவந்தார்கள். கீழே கிடந்தால் யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஜெல் உறைகளிலும் கிளம்பும் முன் பிப் எண்ணை எழுதச் சொல்லலாம், ஒரு மார்க்கர் பேனா போதும். எய்ட் ஸ்டேஷனில் தாள் குவளை என்று நீங்கள் நினைத்து வைக்கும் குவளைகளின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு உள்ளது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் அதுவும் ஒன்று, தண்ணீர்ப் பாக்கெட்டும் ஒன்று. மடக்குக் குவளையைக் கட்டாயப் பட்டியலில் சேர்த்துவிட்டுக் குவளைகளை அடியோடு நிறுத்துங்கள். குவளை கொண்டுவராதவர் உள்ளங்கையில் பிடித்துக் குடிக்கட்டும், ஒன்றும் ஆகாது.

அந்தப் பாதைகளில் நாம் விருந்தாளிகள் என்பதை நினைவூட்ட வேண்டியிருப்பதே வருத்தம். தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில், பச்சைத் தேயிலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, எடை போடும் நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று விரைந்து வரும் பெண்களை நோக்கி "சைடு, சைடு" என்று கத்திக்கொண்டே ஓடிய ஒருவரைப் பார்த்தேன். அந்தப் பெண்களில் வயதான ஒருவர் மூட்டையோடு சரிவில் இறங்கி நின்று வழி விட்டார். இலையின் எடைதான் அவருடைய கூலி, நம்முடையது பதக்கம். பாதையில் எதிரே வருகிறவர் உள்ளூர்க்காரர் என்றால், ஓடுகிறவர் முதலிடத்தில் இருந்தாலும் நின்று ஒதுங்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதுங்கள், மீறினால் நேரத் தண்டனையும் வையுங்கள். ஓட்டக்காரர்களுக்குள் மட்டும் என்றால் இவ்வளவு சொல்லத் தேவையில்லை; பின்னால் வருகிறவர் குரல் கொடுப்பதும், முன்னால் போகிறவர் அகலமான இடம் வந்ததும் ஒதுங்குவதும், குறுகிய சரிவில் இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழி விடுவதும் நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் பழகிவிட்டன.

விலங்குகள் விஷயத்தில் நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்கிறேன். அதிகாலை நான்கு மணித் தொடக்கத்தை விட்டுவிடுங்கள். வெயிலுக்கு முன்னால் தூரத்தைக் கடத்திவிடலாம் என்பது சமவெளிச் சாலை ஓட்டத்தின் கணக்கு. சோலைக்கும் தோட்டத்துக்கும் இடையே யானைகள் நடமாடுவது அந்த இருட்டில்தான். காட்டுமாடுகள் தேயிலைக்குள் மேய்வதும், கரடி திரிவதும் அப்போதுதான். வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு மின்விளக்காலும் ஊராருக்கு அறிவிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டைவிட்டு வெளியே வருகிறார்கள். நாமோ முன்னூறு பேரைக் காதில் இயர்போனோடு, ஒலிபெருக்கிப் பாட்டோடு, இருட்டுக்குள் அவிழ்த்து விடுகிறோம். நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். அதற்காகத் தூரத்தைக் குறைக்க வேண்டி வந்தால் குறையுங்கள். காட்டுப் பகுதிக்குள் இயர்போனைத் தடை செய்யுங்கள், தொடக்க இடத்தில் டிஜேயும் வேண்டாம். காட்டைப் பற்றித் தெரியாமல் கூட்டம் சேர்த்துக்கொண்டு போவது எதில் முடியும் என்பதை 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீ நமக்குக் காட்டியது. மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை கொண்டுவந்ததே அந்தத் தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான். நம் ஓட்டங்களுக்கும் அப்படி ஒரு நாளுக்குப் பிறகு விதி வர வேண்டியதில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான தீக்காலத்தில் தேதி வைப்பதையும், வனத்துறை அனுமதிக் கடிதத்தை ஓட்டக்காரர்களுக்குக் காட்டாமல் மூடி வைத்திருப்பதையும் விட்டுவிடுங்கள்.

மருத்துவத்தில் ஒன்றே ஒன்று. எய்ட் ஸ்டேஷனில் வலி மாத்திரை கேட்டால் தன்னார்வலர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். நீர் வற்றிய உடம்பில், பல மணி நேர ஓட்டத்துக்கு நடுவில் ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். மருத்துவர் அல்லாத யாரும் அதைத் தரக் கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் இரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆளை வீழ்த்தும் என்பதால், "தண்ணீர் குடி, தண்ணீர் குடி" என்று வற்புறுத்துவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

வரும் பருவத்திலும் ஸ்வீப்பராக வரச் சம்மதம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். யார் எந்த எய்ட் ஸ்டேஷனை எத்தனை மணிக்குக் கடந்தார், யார் பிப்பைக் கழற்றிக் கொடுத்து ஜீப்பில் ஏறினார் என்று எழுதிய தாள் ஒவ்வொரு நிலையிலும் என் கைக்கு வர வேண்டும். அது வரும்வரை அடுத்த ரிப்பனை அவிழ்க்க மாட்டேன். அதனால் எவ்வளவு தாமதமானாலும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
கடைசி ஆளுக்கும் பின்னால் நடந்து வரும் ஒருவன்